இனக்கலப்பா, மூலக்கூறு ஆர்பிட்டாலா: எந்தக் கேள்விக்கு எது?

பெங்களூரில் முதலாண்டு பி.யூ.சி. (பதினோராம் வகுப்பு) படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வேதிப்பிணைப்புப் பாடத்தில் இரண்டு முறைகளும் அடுத்தடுத்து வரும்: ஓர் அணுவின் ஆர்பிட்டால்களை (எலக்ட்ரான் இருக்கும் இடங்களை) கலந்து பார்ப்பது இனக்கலப்பு, மூலக்கூறு முழுவதற்கும் ஆர்பிட்டால்களை அமைப்பது மூலக்கூறு ஆர்பிட்டால் முறை. எதை எடுப்பது என்று கேள்வியே சொல்லிவிடும்.

வடிவமோ கோணமோ கேட்டால் இனக்கலப்பு போதும். மைய அணுவின் சிக்மா பிணைப்புகளோடு (ஒவ்வோர் அணுவோடும் உள்ள முதல் பிணைப்பு) தனித்த எலக்ட்ரான் இரட்டைகளைக் கூட்டுங்கள். 4 வந்தால் எஸ்பி3 (ஓர் எஸ், மூன்று பி ஆர்பிட்டால்கள் கலந்தது), 3 என்றால் எஸ்பி2, 2 என்றால் எஸ்பி. பை பிணைப்பைச் (இரட்டை, முப்பிணைப்புகளில் கூடுதலாக வருவது) சேர்க்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடுக்கு எஸ்பி3 என்று எழுதுபவர்கள் சறுக்குவது அங்கேதான். அமைடு நைட்ரஜனுக்கு 4 வரும், ஆனாலும் அது எஸ்பி2: அதன் தனித்த இரட்டை பக்கத்துக் கார்பனைல் தொகுதியோடு உடனிசைவில் இருக்கிறது, அதாவது அங்கும் பரவி நிற்கிறது. ஹைட்ரஜன் சல்பைடின் 92 பாகைக் கோணத்துக்கு எஸ்பி3 சரியான விளக்கம் ஆகாது, எஸ்பி3 என்றால் கோணம் 109.5 பாகைக்கு அருகே இருக்க வேண்டும். சல்பர் ஹெக்சா புளூரைடுக்கு எஸ்பி3டி2 என்று சி.இ.டி. நுழைவுத் தேர்வுக்கு எழுதுங்கள், டி ஆர்பிட்டால்களின் பங்கு அதில் மிகச் சிறிது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

காந்தத் தன்மை, அயனிகளின் பிணைப்புத் தரம் (இரண்டு அணுக்களுக்கு இடையே எத்தனை பிணைப்பு என்பது), நிறம், அயனியாக்க ஆற்றல் என்றால் மூலக்கூறு ஆர்பிட்டால்தான். ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். இணைதிற எலக்ட்ரான்கள் 12. சிக்மா 2எஸ்-இல் 2, அதன் எதிர்பிணைப்பில் (பிணைப்பைத் தளர்த்தும் ஆர்பிட்டாலில்) 2, சிக்மா 2பி-இல் 2, இரண்டு பை 2பி-களில் 4. மிச்சம் 2. அவை சம ஆற்றலுள்ள இரண்டு எதிர்பிணைப்புப் பை ஆர்பிட்டால்களில் ஒவ்வொன்றாக அமரும். பிணைப்பில் 8, எதிர்பிணைப்பில் 4. வித்தியாசத்தின் பாதி 2, அதுவே பிணைப்புத் தரம். இணையாத அந்த இரண்டால்தான் திரவ ஆக்சிஜன் காந்த முனைகளுக்கு இடையே ஒட்டி நிற்கிறது. லூயிஸ் படத்தில் எல்லாமே இணையாக இருப்பதால் அங்கே இதைக் காண முடியாது.

ஆக்சிஜனிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்தால் தரம் 2.5 ஆகி, பிணைப்பு நீளம் 121 பிக்கோமீட்டரிலிருந்து 112-க்குக் குறையும். நைட்ரஜனில் எடுத்தாலும் 2.5தான், ஆனால் அங்கே 3-லிருந்து இறக்கம். பலரும் மதிப்பெண் விடும் இடம் ஆற்றல் வரிசை: நைட்ரஜன் வரை பை 2பி கீழே, சிக்மா 2பி மேலே, ஆக்சிஜனிலும் புளூரினிலும் நேர்மாறு. வரிசையை மாற்றிப் போட்டால் போரான் மூலக்கூறு டயாகாந்தமாகிவிடும் (எல்லா எலக்ட்ரானும் இணைந்தது, காந்தம் ஈர்க்காது). உண்மையில் அது பாராகாந்தம் (இணையாத எலக்ட்ரான் உள்ளது, காந்தம் ஈர்க்கும்).

பென்சீன் போன்றவற்றில் சிக்மா சட்டத்துக்கு எஸ்பி2-ஐயும், 6 பை எலக்ட்ரான்களுக்கு மூலக்கூறு ஆர்பிட்டாலையும் சேர்த்தே எடுங்கள். மீத்தேனில் நான்கு பிணைப்பும் ஒன்றுபோல இருப்பதால் ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் (ஒளியால் எலக்ட்ரானை வெளியேற்றி அதன் ஆற்றலை அளப்பது) ஒரே ஆற்றல் வரும் என்று எண்ணாதீர்கள்: மூலக்கூறு ஆர்பிட்டால்கள் இரண்டு ஆற்றல்களில் இருப்பதால், சுமார் 14, 23 எலக்ட்ரான் வோல்ட்டில் இரண்டு பட்டைகள் தெரியும்.