மூத்த ஆசிரியரை வழிகாட்டி ஆசிரியராக்குவது எப்படி?

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் பயிற்சிக்காக வரும் ஆசிரிய மாணவர்கள் திருகோணமலைப் பாடசாலைகளுக்குப் புதியவர்கள் அல்ல. வந்தவரை ஒரு மூத்த ரீச்சரின் வகுப்பில் விட்டுவிடுவோம். "அவவுக்கு நல்ல அனுபவம், பார்த்துக்கொள்ளுவா" என்ற நம்பிக்கைதான். ஆனால் நன்றாகப் படிப்பிக்கிறவர் எல்லோருக்கும் அதை இன்னொருவருக்குப் பழக்கத் தெரியும் என்றில்லை. அதற்கும் பயிற்சி வேண்டும். அதிபரோ பகுதித் தலைவரோ இதைத் தொடங்கலாம்.

முதல் வேலை, மூத்தவரைப் பேச வைப்பது. பின்வரிசை வாங்கில் சத்தம் எழும் முன்பே அவர் அந்தப் பக்கம் நடந்துவிடுவார். ஏன் என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். ஆகவே மூத்தவர்கள் இருவரைச் சோடி சேர்த்து, ஒருவருடைய பாடத்தை மற்றவர் பார்க்கட்டும். முடிந்ததும் "அந்த இடத்தில் ஏன் கேள்வியை மாற்றினீர்கள்?" என்று கேட்கட்டும். பதில் வர நேரமெடுக்கும், விடாதீர்கள். ஆசிரிய மாணவருக்கு வேண்டியது அந்தப் பதில்தான்.

அடுத்து, பாடத்தைப் பார்க்கும் முறை. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மொரிஸ் கோகனும் சகாக்களும் உருவாக்கிய ஒழுங்கு இன்றும் கைகொடுக்கிறது: பாடத்துக்கு முன் ஒரு பேச்சு, பிறகு அவதானிப்பு, பிறகு இன்னொரு பேச்சு. முன்பேச்சில் எதைக் கவனிப்பது என்று இருவரும் முடிவுசெய்ய வேண்டும். ஒன்றே ஒன்று போதும்.

அவதானிப்பில்தான் மூத்தவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். "வகுப்புக் கட்டுப்பாடு போதாது" என்று எழுதிவிடுவார்கள். அது தீர்ப்பு, அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. தாளை மூன்று நிரலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: நேரம், ஆசிரியர் சொன்னது, பிள்ளைகள் செய்தது. வெப்பநிலை பற்றிய பாடம் என்று வையுங்கள். "கன்னியா வெந்நீர் ஊற்றில் ஏழு கிணறும் ஒரே சூடா?" என்று ஆசிரிய மாணவி கேட்கிறார். அருமையான கேள்வி, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு பதில் சொல்வார்கள். ஆனால் ஒரு கை உயரும் முன்பே அவரே விடையைச் சொல்லிவிடுகிறார். இதை அப்படியே எழுத வேண்டும். கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்றும், அது மூன்று செக்கனானால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்த தாள் இருந்தால் இதைச் சொல்ல வாதாடவே தேவையில்லை.

பின்பேச்சை நடித்துப் பழகுங்கள். ஒருவர் ஆசிரிய மாணவியாக இருக்கட்டும். விதி இதுதான்: கருத்தை முதலில் சொல்பவர் ஆசிரிய மாணவிதான். மூத்தவர் தாளைக் காட்டி, "இந்தக் கேள்விக்குப் பிறகு என்ன நடந்தது, மகள்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நம்மவர்களுக்கு இதுதான் கஷ்டம்!

தனியாக இருக்கும்போது "மகள்", "தம்பி" எல்லாம் சரி. பிள்ளைகள் முன் அவரும் "ரீச்சர்", "சேர்"தான். பாடத்தின் நடுவே பின்னாலிருந்து திருத்துவதும் கூடாது. பிள்ளைகள் யார் உண்மையான ஆசிரியர் என்று உடனே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

புள்ளி போடும் நாளையும் ஆலோசனை சொல்லும் நாளையும் கலக்காதீர்கள். அப்புறம், இடைவேளையில் தேநீரோடு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பின்பேச்சு நடக்கவே நடக்காது. நேரசூசியிலேயே இருவருக்கும் பொதுவாக ஒரு பாடவேளையை ஒதுக்கி, தவணை தொடங்கும் முன்பே அதிபரிடம் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.