ஷோரூம் சர்வீஸ் பில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருந்து விற்பனைப் பிரதிநிதியாகச் சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் பத்தொன்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளில் சுற்றிவருகிறேன். எங்கள் வேலையில் வண்டி இரண்டு நாள் நின்றால் அந்த மாத இலக்கே ஆட்டம் கண்டுவிடும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் சர்வீஸ் பில்லை நீட்டி, "அண்ணா, ஆயிரத்து ஐந்நூறுன்னு சொன்னாங்க, ஏழாயிரம் போட்டிருக்காங்க" என்று வந்து நிற்கும்போதெல்லாம், அதே இடத்தில் அதே தவற்றைச் செய்து நின்ற என் பழைய நாள்தான் நினைவுக்கு வருகிறது. உரிய காலத்தில் ஆயில் மாற்றுவது, இலவச சர்வீஸ் தேதியைத் தவற விடாமல் இருப்பது போன்று எல்லோரும் அறிந்தவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்" என்றதும் தலையாட்டுவது

2014ஆம் ஆண்டில் என் 150 சிசி வண்டி ஏற்காட்டு மலைப்பாதையில் திணறியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இஞ்சின் இரைகிறது, வேகம் மட்டும் கூடவில்லை. கிளட்ச் வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. மறுநாள் காலை ஷோரூமில் வண்டியை விட்டேன். "பிரிச்சுப் பார்த்தாதான் சார் தெரியும்" என்றார் சர்வீஸ் அட்வைசர். செய்ய வேண்டிய வேலைகளையும் தொகையையும் எழுதும் ஜாப் கார்டில் தொகைக்கான கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டர் விசிட்டுக்குப் புறப்பட்டேன்.

மாலை நான்கரை மணிக்கு, ஒரு மருத்துவமனை வாசலில் நிற்கும்போது அழைப்பு வந்தது. கிளட்ச் பிளேட்டும் ஹவுசிங்கும் போய்விட்டன, இஞ்சினைப் பிரித்து வைத்திருக்கிறோம், சொன்னால் உடனே வேலையை முடித்துவிடுவோம் என்றார்கள். பிரித்துப் போட்ட வண்டியைச் சாக்கில் கட்டியா எடுத்துவர முடியும்? "சரி, செஞ்சிடுங்க" என்றேன். ஆயிரத்து இருநூறு ஆகும் என்று எண்ணிப் போன எனக்கு 8,740 ரூபாய்க்குப் பில் வந்தது.

மூன்றே வாரத்தில் அதே வழுக்கல் திரும்பியது. இம்முறை செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. கிளட்ச் லீவரை ஒரு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தார். பல வண்டிகளில் லீவரின் நுனி 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வாக ஆடிய பிறகே கேபிள் இழுபட வேண்டும். என் வண்டியில் அந்த ஆட்டமே இல்லை. "கேபிள் எப்பவும் இழுத்துப் பிடிச்சே இருக்குது தம்பி, பிளேட்டு எப்படி முழுசா ஒட்டும்?" என்று கேட்டுக்கொண்டே அட்ஜஸ்டரைத் திருகி, லாக் நட்டை இறுக்கினார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. முதலில் மாற்றப்பட்ட பிளேட்டுகள் உண்மையிலேயே தேய்ந்திருந்தனவா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது, ஏனென்றால் அவற்றை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. பணம் போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பிரிக்காமல் கண்டுபிடிக்க முடியாத கோளாறுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை ஏராளம். கிளட்ச் என்றால் லீவர் ஆட்டம், பிறகு ஆயில்: இஞ்சின் ஆயிலிலேயே கிளட்ச் ஊறியிருக்கும் வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயில் டப்பாவில் அச்சிட்டிருக்கும் மோட்டார் சைக்கிள் ஆயிலுக்கான தரக்குறியீடு) தரமுள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும், காருக்கான ஆயிலை ஊற்றினால் நல்ல பிளேட்டும் வழுக்கக்கூடும். இவற்றைப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பிரித்தே ஆக வேண்டும் என்றால், பிரிக்கக் கூலி எவ்வளவு, வேலை வேண்டாம் என்று நான் சொன்னால் திரும்பப் பூட்டித் தர எவ்வளவு, ஆயில் கசியாமல் இடையில் வைக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட விலை என்ன என்ற மூன்றையும் பிரிப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். "இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் வாட்ஸ்அப்பில் என் சம்மதம் பெற்ற பிறகே செய்ய வேண்டும்" என்று ஜாப் கார்டில் உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பாகங்களைக் கேட்காமல் வருவது

வண்டியை விடும்போதே கேளுங்கள். மாலையில் கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்துப் பணம் கட்டுவது

ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். டெஃப்லான் கோட்டிங் (பளபளப்புப் பூச்சு), டீகார்பனைசிங் (இஞ்சினில் படிந்த கரியை நீக்குவது), கன்ஸ்யூமபிள்ஸ் (துணி, கிரீஸ் போன்ற சில்லறைப் பொருட்கள்) என்று நீங்கள் கேட்காதவை பெரும்பாலும் பில்லின் அடிப்பகுதியில்தான் இருக்கும். உதிரிபாகத்தின் உறையில் அச்சிட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலையில் ஜிஎஸ்டி அடங்கிவிடும். அந்த விலைக்கு மேல் மறுபடியும் வரி சேர்த்திருந்தால் உறையைக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்கூலிக்குத் தனியாக 18 விழுக்காடு வரி வருவது சரியானதே. முறையான பில் தர மறுப்பதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறையாகவே கருதுகிறது.

வாரண்டி கிடையாது என்பதை வாய்வார்த்தையாக ஏற்பது

காரணத்தை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோபத்தில் வண்டியை அங்கேயே விட்டு வருவது

ஒப்புக்கொண்ட வேலைக்கான கூலி வரும்வரை வண்டியைத் தராமல் வைத்திருக்க 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு இடம் தருகிறது. வண்டி இல்லாமல் வேலை நடக்காது என்றால், பில்லின் நகலில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிப் பணம் கட்டி வண்டியை எடுத்துவிடுங்கள். அன்றே டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும், எந்த வரியை ஏற்கவில்லை என்று குறிப்பிட்டு, ஜாப் கார்டின் படத்தோடு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதிடலாம். நான் 2014இல் அங்கே போக நினைத்தபோது என் கையில் இருந்தது, தொகைக்கான கட்டம் காலியாக இருக்க என் கையெழுத்து மட்டும் விழுந்திருந்த ஜாப் கார்டு ஒன்றுதான்.