சரிந்த ஆழ்துளைக் கிணற்றை மீட்ட விதம்
குடியாத்தம் அருகே எங்கள் நிலத்துக் கிணறு கலங்கலும் மணலுமாக இறைக்கத் தொடங்கியபோது, புதிய போர் போடுமாறே பலரும் கூறினர். இங்கு எல்லாவற்றுக்கும் அதுதான் விடை. கேமராவை இறக்கிப் பார்த்ததில், துளையின் சுவரைத் தாங்கும் கேசிங் குழாய் சிதைந்த பாறையிலேயே நின்றுவிட்டதும், அதற்குக் கீழே சுவர் உதிர்ந்திருந்ததும் தெரிந்தன. மோட்டார் வேகமாக இறைக்கையில் துளைக்குள் நீர்மட்டம் சட்டென இறங்கிவிட, வெளியே பாறை இடுக்குகளில் தேங்கிய நீரின் அழுத்தம் உடனே குறையாததால், 10 மீட்டர் நீர்மட்ட வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்த அலகு) என்ற அளவில் அது சுவரை உள்நோக்கித் தள்ளுகிறது. எண்ணெய்க் கிணறுகளில் துளையிடும்போது உள்ளே செலுத்தும் சேற்றின் அடர்த்தியைக் கணக்கிடுவதும் இத்தகைய தள்ளுதலைத் தாங்கவே. காற்றழுத்தத்தால் சகதியை வெளியேற்றி, ஆறரை அங்குலத் துளைக்குள் 5 அங்குல பிவிசி குழாயைக் கெட்டிப்பாறை வரை இறக்கினோம். ஊற்று வரும் இடத்தில் மட்டும் கீறலிட்ட குழாயைப் பொருத்தினோம். வால்வைப் பாதி மூடியே இப்போது இறைக்கிறோம், மணல் வருவதில்லை.