அமெரிக்க உள்நாட்டுப் போரைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதுகலை மாணவர்களின் அமெரிக்க வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்தும்போது, மாணவப் பருவத்தில் நான் எழுதிய பிழைகளே வேறு கையெழுத்துகளில் திரும்பி வருவதைக் காண்கிறேன். ஆண்டு மாறுவது, பெயர் பிறழ்வது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை ஒருமுறை சரிபார்த்தால் தீர்ந்துவிடும்.

அமெரிக்க வரலாற்றை ஜேம்ஸ்டவுனில் தொடங்குவது

ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் ஜேம்ஸ்டவுன் குடியேற்றத்தை அமைத்த 1607-க்கு முன்பே, 1565-இல், ஸ்பானியர் புளோரிடாவில் செயின்ட் அகஸ்டினை நிறுவிவிட்டனர். பூர்வகுடிகளின் வரலாறோ அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூத்தது.

போருக்குப் பின் சொன்னதைப் போரின் காரணமாகக் கொள்வது

1860–61-இல் தென்மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்திலிருந்து ஏன் பிரிந்தன என்று கேட்டால், 'மாநில உரிமைகளுக்காக', அதாவது மத்திய அரசின் தலையீடின்றி மாநிலங்கள் தாமே முடிவெடுக்கும் உரிமைக்காக, என்ற விடை தயங்காமல் வருகிறது. அந்த வாதம் போருக்கு முன்பும் இருந்தது. ஆனால் அடிமைமுறையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அதை மட்டும் முன்னிறுத்தும் வழக்கம், தோற்ற தரப்பு தன் கதையைத் திருத்தி எழுதத் தொடங்கிய பிறகே வலுப்பெற்றது.

பிரிந்த மாநிலங்கள் அமைத்த தெற்குக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21 அன்று சவானா நகரில் பேசியபோது, கறுப்பினத்தவர் வெள்ளையருக்குச் சமமல்லர் என்பதே புதிய அரசின் மூலைக்கல் என்று வெளிப்படையாக அறிவித்தார். அதே மனிதர் போர் முடிந்த பின், 1868-லும் 1870-லும் வெளியிட்ட இரு தொகுதிகளில், சண்டை அரசமைப்பின் தன்மை பற்றியது என்று வாதிட்டார். மாணவர்கள் இரண்டாவதை மேற்கோள் காட்டுகிறார்கள். முதலாவதைக் கேள்விப்பட்டதே இல்லை.

தான் பிரிந்ததன் காரணங்களை விளக்கித் தெற்கு கரோலினா 1860 டிசம்பர் 24 அன்று வெளியிட்ட அறிக்கையோ இன்னும் தெளிவானது. தப்பியோடிய அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க மறுத்த வடமாநிலங்களை அது பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுகிறது. அதாவது, அந்த மாநிலங்கள் தம் சட்டம் இயற்றும் உரிமையைப் பயன்படுத்தியதே அதன் புகார். மிசிசிப்பி தன் நிலைப்பாடு அடிமைமுறையோடு முழுமையாகப் பிணைந்தது என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தது.

ஒரு மாணவரின் ஆய்வேட்டு வரைவு நினைவுக்கு வருகிறது. நடை நன்றாக இருந்தது, வாதமும் கோவையாக இருந்தது. ஆனால் பிரிவினையின் காரணங்கள் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்புகளில், போர் முடிந்த 1865-க்கு முந்தைய ஆவணம் ஒன்றுகூட இல்லை. அந்த அத்தியாயம் முழுவதையும் அவர் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்: தெற்கு கரோலினா, மிசிசிப்பி, ஜார்ஜியா, டெக்சஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் அறிக்கைகளும் யேல் சட்ட நூலகத்தின் அவலான் இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு. தெற்கு அடிமைமுறைக்காகப் பிரிந்தது என்பதால், வடக்கு தொடக்கத்திலிருந்தே அதை ஒழிக்கப் போரிட்டது என்று ஆகிவிடாது. 1861 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய தீர்மானம், ஒன்றியத்தைக் காப்பதே போரின் நோக்கம் என்றும் மாநிலங்களின் நிலைபெற்ற வழக்கங்களில், அதாவது அடிமைமுறையில், தலையிடுவது நோக்கமன்று என்றும் கூறியது. பிரிந்ததன் காரணம் ஒரு கேள்வி, போரிட்டதன் நோக்கம் இன்னொரு கேள்வி; இரண்டையும் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள்.

விடுதலைப் பிரகடனம் எல்லோரையும் விடுவித்ததாக எழுதுவது

அடிமைகளை விடுவிப்பதாக அதிபர் லிங்கன் வெளியிட்ட 1863-ஆம் ஆண்டுப் பிரகடனம், அடிமைமுறை இருந்தும் ஒன்றியத்தைவிட்டுப் பிரியாத கென்டக்கி, மேரிலாந்து, டெலவேர், மிசூரி மாநிலங்களுக்குப் பொருந்தவில்லை. நாடு முழுவதும் அடிமைமுறையை ஒழித்தது எது என்று அறிய, 1865 டிசம்பரின் பதின்மூன்றாம் அரசமைப்புத் திருத்தத்தைப் படியுங்கள்.

முன்னாள் அடிமைகளின் நேர்காணல்களை அப்படியே எடுத்தாள்வது

1936 முதல் 1938 வரை அரசுத் திட்டத்தின்கீழ் பதிவான இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்கள் அரிய சான்றுகளே. ஆயினும் கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். பதில் சொன்னவர்களோ பெரும்பாலும் இனப்பிரிவினைச் சட்டங்கள் நடப்பிலிருந்த தெற்கில், கடும் வறுமையில் வாழ்ந்த முதியவர்கள். யார் கேட்டார், எந்த ஊரில் கேட்டார் என்பதைக் குறித்துக்கொண்ட பிறகே மேற்கோள் எடுங்கள்.