கத்திரி வெயிலும் மேல்மாடி வீடும்

சித்திரை மாதக் கடைசி வாரத்தையொட்டித் தொடங்கி வைகாசி நடுப்பகுதி வரை, அதாவது ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை, நீடிக்கும் அக்கினி நட்சத்திரத்தைத்தான் கத்திரி வெயில் என்கிறோம். வேலூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கும் எங்களுக்குப் பகல் வெயிலைவிடப் பெரிய சோதனை இரவுதான். பகல் முழுவதும் கான்கிரீட் தளம் குடித்த சூடு, இரவு பதினொரு மணிக்கும் வீட்டுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கட்டில்மேல் ஏறி நின்று உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால், அப்போதுதான் இஸ்திரி போட்டு மடித்த சட்டையைத் தொட்டதுபோல் இருக்கும். இரவில் ஆறாத உடல் மறுநாள் வெயிலைத் தாங்காது என்பதால், கோடைக்கான ஏற்பாடுகளை வீட்டின் தலையிலிருந்து தொடங்குவதே முறை.

பங்குனியிலேயே தளத்தைப் பெருக்கிக் கழுவி, வெடிப்புகளை அடைத்துவிட்டு, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள். வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கறுத்த சிமெண்டுத் தளமோ அதை விழுங்கி வைத்துக்கொள்ளும். சுண்ணாம்பை முதல்நாளே ஊறவைத்து வடிகட்டி, பிடிப்புக்குச் சிறிது பசை கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு பூச வேண்டும். கற்சுண்ணாம்பு நீரில் கொதிக்கும் என்பதால் குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பூசுபவர் கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி அணிந்துகொள்ள வேண்டும். மழையில் இது கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் பூசியாக வேண்டும். வெயிலைத் திருப்புவதற்கென்றே விற்கும் வெள்ளைப் பெயிண்ட் அதிக நாள் நிற்கும், விலையும் அதிகம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சுண்ணாம்புச் செலவு அவருக்கும் பெரிதன்று. அதற்கும் வழியில்லையென்றால், தளத்திலிருந்து சில அடி உயரத்தில் பச்சை நிழல்வலை கட்டினாலும் பயன் உண்டு.

அடுத்தது சன்னல். காலை எட்டரை மணிக்குள் மேற்கு, கிழக்குப் பக்கச் சன்னல்களை அடைத்துவிட்டு, வெளிக்காற்று வீட்டுக்காற்றைவிடக் குளிர்ந்த பிறகே திறக்க வேண்டும். இரவில் எதிரெதிர்ச் சன்னல்கள் இரண்டும் திறந்திருந்தால்தான் காற்று ஓடும். உள்ளே தொங்கும் திரையைவிடச் சன்னலுக்கு வெளியே கட்டிய சாக்குப்படுதாவோ மூங்கில் தட்டியோ நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வெயில் கண்ணாடியைத் தாண்டுவதற்கு முன்பே அது தடுத்துவிடுகிறது.

வெட்டிவேர்த் தட்டியை நனைத்துக் கட்டுவதும் ஏர் கூலர் வைப்பதும் ஒரே தத்துவம்தான்: நீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. வேலூர், கரூர், திருச்சி போன்ற உள்மாவட்டங்களின் வறண்ட காற்றில் இவை அருமையாகக் குளிர்ச்சி தரும், ஆனால் கூலரின் ஈரக்காற்று வெளியேற ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் அதே கூலர் புழுக்கத்தைக் கூட்டும். நம் வியர்வைக்கும் இதே கணக்குத்தான். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழியுமே தவிர உலராது, உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும் சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி என்று வெப்ப அலைக்கு வெவ்வேறு தொடக்க அளவு வைத்திருக்கிறது. அத்துடன் இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். ஆகவே சென்னைவாசிகள் 38 டிகிரிதானே என்று அலட்சியமாக இருக்கலாகாது. அங்கே நண்பகலை ஒட்டி வரவேண்டிய கடல்காற்று தாமதிக்கும் நாள்களில் வெயில் கடுமையாக ஏறும்.

மின்விசிறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் விசிறி வெந்த காற்றைத்தான் உடல்மேல் அடிக்கும். அப்போது கழுத்து, கைகள், மார்பு ஆகியவற்றை ஈரத்துண்டால் அடிக்கடி துடைத்துக்கொண்டால் உடல் ஆறும். அந்த ஈரத்துக்கும் குளியலுக்கும் வேண்டிய தண்ணீரை விடியற்காலையிலேயே வாளிகளில் பிடித்து, குளியலறையில் மூடி வைத்துவிடுங்கள். மாடித் தொட்டியில் வெயில் குடித்த தண்ணீர் மாலை நான்கு மணிக்குக் குழாயில் கைவைக்க முடியாத சூட்டில் வரும்.

குடிப்பதில், தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதியவர்களுக்குத் தாக உணர்வே மங்கிவிடும். என் அம்மா அடிக்கடி கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டதை நாங்கள் கவனிக்கத் தவறினோம். ஒரு மே மாதப் பிற்பகல், அடுப்படியில் உட்கார்ந்திருந்தவர், எதிரில் நின்ற என்னைப் பார்த்துப் பல ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன என் மாமாவின் பெயரைச் சொல்லி, எப்போது வந்தாய் என்று கேட்டார். அன்று பக்கத்து வீட்டாரின் உதவியால் நேரத்தோடு மருத்துவமனை சேர்ந்தோம். அதன்பின் காலையில் ஒரு பாட்டிலை நிரப்பி அவர் அருகில் வைத்து, மாலைக்குள் எவ்வளவு குறைந்தது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று பொருள்.

உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு, தர்பூசணி எல்லாம் நல்லவை. வியர்த்துக் களைத்தவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் வேண்டுமென்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்க வேண்டும்; உப்பைக் கைப்போக்கில் கூட்டினால் கெடுதலே விளையும். சர்க்கரை நோயாளிகளுக்கு மோரே பொருத்தம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் மிகுந்த இளநீரை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. இதய நோய்க்காக நீர் மாத்திரை (சிறுநீரைக் கூட்டும் மாத்திரை) சாப்பிடுபவர்கள், நாளுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதை வெயில் ஏறுவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிவேலையைப் பதினொரு மணிக்குள் முடிப்பதும் நான்கு மணிக்குமேல் தொடர்வதும் நல்லது. ஆனால் கட்டடத் தொழிலாளிக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் நேரம் அவர்கள் கையில் இல்லை. அவர்களை வேலைக்கு வைப்பவர்தான் பொறுப்பேற்க வேண்டும். வெயிலுக்கு உடல் பழக ஒன்று இரண்டு வாரங்கள் பிடிக்கும் என்பதால், புதிதாக வந்தவருக்கு முதல் சில நாள்கள் வேலையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு குவளை தண்ணீரும் ஒதுங்க நிழலும் இருக்க வேண்டும். 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் வகுத்தது. அந்தத் தொகை எந்த வீட்டுக்கும் போகாதபடி பார்த்துக்கொள்ள ஒரு தண்ணீர்ப்பானையும் ஒரு தென்னங்கீற்றுக் கொட்டகையும் பெரிதும் உதவும்.

இத்தனைக்கும் பிறகு யாரேனும் தலைசுற்றல், தசைப்பிடிப்பு, குமட்டல் என்றால், நிழலில் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, ஆடையைத் தளர்த்தி, சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் பிதற்றினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்றுபோனால்தான் வெப்பவாதம் என்ற கட்டாயமில்லை. உடனே 108க்கு அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் துணியில் சுற்றிய பனிக்கட்டியை வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சற்று நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னாலும், மருத்துவரிடம் காட்டாமல் அனுப்பிவிடாதீர்கள்.