மழை யார் பொறுப்பு, வாய்க்கால் யார் பொறுப்பு

ஒரு கார்த்திகை மாதம் விடாமல் மழை. இணுவிலில் சித்தப்பாவின் வெங்காயப் பாத்திகளில் கணுக்கால் அளவு தண்ணி நின்றது. நான் வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டு நிற்க, அவர் மண்வெட்டியோடு போய்ப் பள்ளமான மூலையில் வரம்பை வெட்டி, தண்ணியை ஒழுங்கைப் பக்கம் இறக்கிவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே தேத்தண்ணி கேட்டார். பாதிப் பயிர் அழுகித்தான் போனது.

அவர் பழைய கிரேக்க, ரோமானியரின் ஸ்டோயிக் தத்துவம் வாசித்தவர் இல்லை. ஆனால் அடிமையாக இருந்து விடுதலையாகி ஆசிரியரான எபிக்டெட்டஸ் சொன்னதும் இதைத்தான். மாணவர் அரியன் தொகுத்த அவருடைய கையேடு தொடங்குவதே இந்தப் பிரிப்போடு: எங்கள் எண்ணமும் விருப்பமும் முயற்சியும் எங்கள் கையில், சொத்தும் பெயரும் பதவியும் ஏன் எங்கள் உடம்பும்கூட எங்கள் கையில் இல்லை. உடம்பையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டாரே என்று முதலில் எனக்கு ஏற்கவே முடியவில்லை. பிறகு ஒருதரம் டெங்கு வந்து படுத்தபோது விளங்கியது.

சரி, எப்படிச் செய்வது? ஒரு கொப்பித் தாளை இரண்டாகப் பிரியுங்கள்: கையில் இருப்பது வாய்க்கால் பக்கம், கையில் இல்லாதது மழைப் பக்கம். மனதை அரிக்கிற விஷயத்தை அதில் எழுதுங்கள். "விசா வருமா" என்று மொட்டையாக எழுதினால் அதை எந்தப் பக்கமும் போட ஏலாது. உடைத்து எழுதுங்கள்: பத்திரங்கள் சரியா, கேட்ட கடிதத்தை அனுப்பினேனா, இவை வாய்க்கால். அதிகாரி எப்போது கோப்பைத் திறப்பார் என்பது மழை. நான் விசாவுக்குக் காத்திருந்தபோது நாளுக்கு இருபது தரமாவது போனைத் திறந்து பார்ப்பேன், நடுச்சாமத்திலும். கடைசியில் காலைத் தேத்தண்ணியோடு ஒருதரம் மட்டும் என்று வைத்துக்கொண்டு, பார்த்த கையோடு போனை அலுமாரிக்குள் வைத்தேன். முதல் கிழமை கை தானாக அலுமாரிப் பக்கம் போனது, உண்மையைச் சொன்னால் இரண்டாம் கிழமையும்தான்.

பாதி கையில், பாதி வெளியில் என்று இருப்பவைதான் கஷ்டம். ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இது நல்லாத் தெரியும், ஏனென்றால் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இஸட் ஸ்கோர் நீங்கள் எழுதியதை மட்டும் வைத்து வருவதில்லை, மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. அதனால் குறியை மாற்றுங்கள். "மருத்துவபீடம் கிடைக்கவேண்டும்" என்பதை விட்டு, "இன்று ஒரு பழைய வினாத்தாளை நேரம் வைத்துச் செய்வேன்" என்று. ஸ்டோயிக்குகள் இதற்கு வில்லாளியைச் சொல்வார்கள். குறிபார்த்து விடுவதோடு அவன் வேலை முடிந்தது.

நல்லூர்த் தேரடியில் செல்லப்பா சுவாமி என்ற சித்தர் சொன்ன "எப்பவோ முடிந்த காரியம்" இங்கே எல்லார் வாயிலும் வரும். வரம்பு வெட்டச் சோம்பல்படுகிறவனும் அதையே சாட்டாகச் சொல்லுவான், கவனம். இன்னொன்று, இதையெல்லாம் அடுத்தவருக்குப் புத்தியாகச் சொல்லப் போகாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு 2017 முதல் போராடும் தாய்மாரிடம் "ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? பதில் அவர்கள் கையில் இல்லை. கேட்பது அவர்கள் கையில்தான், கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

இரவில் ஒன்று செய்து பாருங்கள். விளக்கை அணைத்து, மனைவியும் பேச்சை நிறுத்திய பிறகு அன்றைய நாள் முழுவதையும் திருப்பிப் பார்ப்பதாக இன்னொரு ஸ்டோயிக்கான செனெக்கா எழுதியிருக்கிறார். நான் பாயில் கிடந்தபடி இரண்டு கேள்விதான் கேட்பேன்: இன்றைக்கு எங்கே மழையோடு சண்டை பிடித்தேன், எந்த வரம்பை வெட்டாமல் விட்டேன்? நேற்று, மின்சாரம் போனதற்கு அம்மாவோடு ஏறி விழுந்தது ஞாபகம் வந்தது. காலையில் எழும்பி முதல் வேலையாக அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.