பன்றிமுடி ஷேவிங் பிரஷைப் பழக்குவது எப்படி, எதை வைத்து ஒப்பிடுவது?

பன்றிமுடியில் செய்த ஷேவிங் பிரஷை ஆசையாக வாங்கி, இரண்டே ஷேவில் வெறுத்து அலமாரியில் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். முடி குத்துகிறது, நுரை நிற்கவில்லை, கிட்டே கொண்டுபோனாலே ஒரு மிருக வாடை. இந்த மூன்று புகாரும் நியாயமானவைதான். புதுப் பிரஷ் அப்படித்தான் இருக்கும். அதைப் பழக்கி எடுப்பது வாங்கியவர் வேலை. அதற்குக் காசு செலவில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் காரணத்தைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். பன்றிமுடியின் நுனி இயற்கையாகவே பிளவுபடும் தன்மை கொண்டது. தண்ணீரில் ஊறி, முகத்தில் தேய்ந்து, மறுபடி முழுக்கக் காய்ந்து என்று சுற்றிச் சுற்றி நடக்கும்போது ஒரு நுனி இரண்டாகும், மூன்றாகும். நுனிகள் பஞ்சு போல ஆகிவிடும், ஆனால் முடியின் நடுப்பகுதியும் அடிப்பகுதியும் விறைப்பாகவே நிற்கும். மேலே மென்மை, கீழே உறுதி என்கிற இந்தச் சேர்க்கைக்காகத்தான் பலர் பேட்ஜர் என்ற விலங்கின் முடியில் செய்த விலை கூடிய பிரஷை வைத்துக்கொண்டும் பன்றிமுடியை விடாமல் இருக்கிறார்கள்.

இன்னொன்று. பன்றிமுடி தண்ணீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சும். பேட்ஜர் பெரும்பாலும் முடிகளின் இடுக்கில் தண்ணீரைப் பிடித்துவைக்கும். சிந்தெடிக் இழை உறிஞ்சவே உறிஞ்சாது. அதனால் மற்ற பிரஷ்களுக்கு நனைத்தாலே போதும், இதற்கு ஊறவைத்தே ஆக வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று, முடிக்கற்றையின் அடி அகலம். இதை நாட் என்பார்கள். இன்னொன்று, கைப்பிடிக்கு மேலே முடி எவ்வளவு உயரம் நிற்கிறது என்பது. அகலம் பெரும்பாலும் 20 முதல் 28 மி.மீ. வரை இருக்கும். ஒரே அகலத்தில் முடி உயரமாக இருந்தால் பிரஷ் தளர்வாக வளையும், குட்டையாக இருந்தால் விறைப்பாக நிற்கும். கிண்ணத்தில் நுரை கட்டுகிறவர்களுக்கு உயரமானது வசதி. நேரடியாக முகத்திலேயே நுரை கட்டுகிறவர்களுக்குக் குட்டையானது கைக்கு அடங்கும். முதல் பிரஷ் என்றால் நடுத்தர அளவே போதும் என்பது என் கட்சி. பெரிய நாட் சோப்பை நிறையத் தின்னும்.

இந்த வகையில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இத்தாலியின் ஒமேகா, ஜெனித், போர்ச்சுகலின் செமோக். ஒமேகாவில் 10048 என்ற எண் கொண்ட பிரஷ் முடி உயரத்துக்குப் பேர்போனது. செமோக் பிரஷ்களில் '90% டாப்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கற்றையில் 90 சதவீத முடி முழு நீளம் கொண்டது என்று அர்த்தம். முழு நீள முடி கூடக் கூட, முகத்தில் படும் நுனிகளும் கூடும். பேட்ஜர் மாதிரி தெரிவதற்காக நடுவில் கறுப்புப் பட்டை சாயமிட்ட பன்றிமுடிப் பிரஷ்களும் உண்டு. அது வெறும் ஒப்பனை, வேலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 1: கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, பிரஷை உள்ளங்கையில் வட்டமாகச் சுழற்றிக் கழுவுங்கள். நன்றாக அலசிவிட்டு, ஷேவிங் சோப்பில் கெட்டியாக நுரை கட்டி, அந்த நுரையோடு சில மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி அலசலாம். வாடையில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். மீதி வாடை சில ஷேவில் தானாகப் போகும்.

வாடை அடித்தால் கிருமி இருக்குமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் சரியாகக் கிருமி நீக்காத குதிரைமுடிப் பிரஷ்களால் ஆந்த்ராக்ஸ் வந்த வரலாறு உண்மைதான். அதன் பிறகு பல நாடுகளில் விதிகள் வந்து, முடியைக் கிருமி நீக்கிய பின்பே பிரஷ் கட்டுவது வழக்கமாகிவிட்டது. இப்போது நல்ல தயாரிப்பாளரின் பிரஷில் வரும் வாடை வெறும் வாடைதான்.

படி 2: ஊறவைத்தல்

ஒரு குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, முடி மட்டும் மூழ்கும்படி பிரஷை நிறுத்துங்கள். கைப்பிடியும் முடியின் அடியும் சேரும் இடம் தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும், அங்கேதான் பசை இருக்கிறது. புதுப் பிரஷுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பழகிய பிறகு இரண்டு மூன்று நிமிடம் போதும், நீங்கள் முகம் கழுவி முடிப்பதற்குள் அது தயாராகிவிடும். கொதிக்கும் தண்ணீர் மட்டும் கூடவே கூடாது. முடி உடையும், பசை இளகும், மரக் கைப்பிடியானால் வெடிக்கும்.

படி 3: நுரை கட்டுதல்

பிரஷை எடுத்து ஒரே ஒரு முறை மெதுவாகப் பிழிந்து, சோப்பின் மேல் அரை நிமிடம் சுழற்றுங்கள். புதுப் பிரஷுக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் சோப்பு வேண்டும். இங்கேதான் புதியவர்கள் திணறுவார்கள். முதல் பூச்சுக்கு நுரை கெட்டியாக, பளபளவென்று வரும். ரேஸரைக் கழுவிவிட்டு இரண்டாவது பூச்சுக்குப் பிரஷை எடுத்தால் நுனியில் ஒன்றுமே இருக்காது. நுரை எங்கும் போகவில்லை. கற்றையின் வயிற்றுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அடிப்பக்கத்தை விரல்களால் பிடித்து நுனிப் பக்கமாக மெல்ல அழுத்திக்கொண்டு வாருங்கள், பிதுங்கி வெளியே வரும். நுனிகள் பிளக்கப் பிளக்க இந்த நுரைத் திருட்டு தானாகக் குறையும்.

ஷேவ் செய்யாத நாளிலும் உள்ளங்கையில் வெறுமனே நுரை கட்டி அலசி வைக்கலாம், அதுவும் பழக்கும் கணக்கில் சேரும். பிரஷை முகத்தில் அழுத்திக் குத்தி விரிக்காதீர்கள். நடுவில் பள்ளம் விழுந்து முடி ஒடியும்.

படி 4: காயவைத்தல்

பலர் கோட்டை விடும் இடம் இதுதான். பிளவு ஊறுவதில் மட்டும் வருவதில்லை, ஊறியது முழுக்கக் காய வேண்டும். அலசி, தண்ணீரை உதறி, துண்டில் முன்னும் பின்னும் இலேசாகத் தடவி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நிமிர்த்தி வைப்பதா தொங்கவிடுவதா என்ற சண்டையில் இறங்க வேண்டியதில்லை. இரண்டிலும் காயும். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைப்பதுதான் தப்பு, பூஞ்சை பிடிக்கும். ஒரு நாள் முழுக்க இடைவெளி கிடைத்தால் நல்லது.

இப்படிப் பத்து முதல் இருபது முறை போனால் மாற்றம் தெரியும். காய்ந்த பிரஷை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். முதலில் ஊசி மாதிரி நின்ற நுனிகளின் மேல் வெளிறிய புகை படிந்தது போல ஒரு படலம் தெரியும். அதுதான் பிளந்த நுனிகள். சீக்கிரம் ஆகட்டும் என்று கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள். நுனியை வெட்டினால் பிளக்க வேண்டிய பாகமே போய்விடும், மிஞ்சுவது மொட்டைக் குச்சிகள்.

ஒப்பிடும் முறை

பழகிய பிரஷையும் புதுப் பிரஷையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது அநியாயம். இரண்டையும் ஒரே அளவு பயன்படுத்திய பிறகு, ஒரே சோப்பு, ஒரே தண்ணீர், ஒரே ஊறும் நேரம் என்று வைத்துப் பாருங்கள். அடுத்தடுத்த நாளில் என்றால் இன்னும் நல்லது, ஒரே நாளில் இரண்டு முறை முகத்தைத் தேய்த்தால் தோல் எரிச்சலே தீர்ப்பு எழுதிவிடும்.

நான் பார்ப்பது நான்கு. நனைத்த நுனி கன்னத்தில் குத்துகிறதா என்பது முதலாவது. உள்ளங்கையில் அழுத்தினால் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது இரண்டாவது. இது சுவைக்குரிய விஷயம், அடர்ந்த தாடிக்கு விறைப்பும் மென்மையான தோலுக்குத் தளர்வும் ஒத்துவரும். மூன்றாவது பூச்சு வரை பிழியாமலே நுரை வருகிறதா என்பதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். கடைசியாக, மறுநாள் தொட்டுப் பார்த்தால் அடிவரை காய்ந்திருக்கிறதா.

முதல் சில ஷேவில் ஓரிரண்டு முடி உதிர்ந்தால் கவலை வேண்டாம், கட்டும்போது சரியாகப் பிடிபடாத முடி அது. ஆனால் வாரக்கணக்கில் நிற்காமல் உதிர்ந்தாலோ, ஒரே இடத்திலிருந்து கொத்தாக வந்தாலோ பசை சரியில்லை. அந்தப் பிரஷை எவ்வளவு பழக்கினாலும் தேறாது, மாற்றிக் கேளுங்கள்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் கடினநீராக இருந்தால் சோப்புப் படிவு முடியின் அடியில் வெள்ளையாகத் தங்கி, பழகிய பிரஷையும் மறுபடி முரடாக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, முடியை மட்டும் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, வினிகர் வாடை போகும் வரை அலசுங்கள்.